பீனாயில் குடித்த தரை

என் வயதுக்காரர்களே, முட்டிவலி, சர்க்கரை, கண்புரை என்று ஆளுக்கொரு சொத்து சேர்த்து வைத்திருக்கிறவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னஞ்சிறுசுகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவார்கள். அந்தச் சொத்தில் என் பங்குக்கு வந்தது மூச்சிழுப்பு. இப்போது வந்ததல்ல, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது.

என் வீட்டில் பீனாயில் கிடையாது. மல்லிகை வாசம், எலுமிச்சை வாசம் என்று கலர் கலராக விற்கிறார்களே, அந்தத் தரை துடைக்கும் தண்ணீரும் கிடையாது. கழிப்பறைக்கு ஆசிட் கிடையாது. சுவரில் செருகினால் புஸ்புஸ்ஸென்று வாசனை விடும் ஒரு சாதனத்தை மருமகள் ஆசையாக வாங்கிக்கொண்டு வந்தாள். செருகின வேகத்திலேயே பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் நல்லவள், கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தாலும் நான் பிடுங்கித்தான் இருப்பேன்.

தருமபுரியில் நான் சாமான் வாங்கும் கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆயாசம்.

“வாசனையே இல்லாம தரை தொடைக்கறதுக்கு ஒண்ணு வேணும் தம்பி.”

“லெமன் இருக்குதுங்கம்மா, லாவண்டர் இருக்குது, ரோஸ் இருக்குது.”

“எதுவும் இல்லாதது.”

“எதுவுமே இல்லாதத காசு குடுத்து எதுக்கும்மா வாங்கறீங்க?”

“மூச்சு வுடறதுக்கு” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கொட்டட்டும். புதுசாக எதை வாங்கினாலும் முதலில் குளியலறை மூலையில் ஒரு கை அகலத்துக்குத் தேய்த்துப் பார்ப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் வரை நெஞ்சு என்ன சொல்கிறது என்று கவனிப்பேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் அதற்கு இடம். பாத்திரத்துக்கும் துணிக்கும் வாசனை போடாத சோப்புதான். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கிற மூடத்தனத்தை நல்ல நெஞ்சு உள்ளவர்களும் செய்யாதீர்கள், அது ஆளையே சாய்த்துவிடும்.

‘அந்தக் காலத்துச் சாம்பலும் சீயக்காயும் போதுமே, எல்லாம் இயற்கைதானே’ என்று உங்களில் சிலர் கிளம்பி வருவீர்கள். எனக்குத் தெரியும். சாம்பல் பறந்தாலும் எனக்கு இழுக்கும், சீயக்காய்த் தூள் பறந்தாலும் இழுக்கும். இயற்கை என்று எழுதி ஒட்டிவிட்டால் என் நெஞ்சு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுமா? எனக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நம்ப வேண்டும். ஒரு கோடை முழுக்க நான் சொல்லியும் யாரும் நம்பவில்லை. அந்தக் கோடையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். ஊரில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஆனால் எல்லாருக்கும் பிழைப்பு காட்டு வேலைதான். மே மாதத்தில் கோயில் திருவிழா வரும். அந்த வருஷத் திருவிழாவில் எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் வெள்ளை முக்காடு போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு ஊர் பார்க்க நடக்கிற நாள். எட்டு ஒன்பது வயதில் அதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் இல்லை. ராத்திரி பகல் அதே நினைப்பு.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் தம்பி இறந்துபோயிருந்தான். கைக்குழந்தை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, பாப்பாரப்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கிருந்து தருமபுரிக்குப் போகச் சொல்லி, பஸ்ஸிலேயே போய்விட்டான். அடக்கத்துக்கு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வெள்ளைச் சேலை கட்டி வேலைக்குப் போகிறவள் எங்கள் சொந்தத்தில் அவள் ஒருத்திதான். அதனால் நோயைப் பற்றி அவள் சொன்னால் டாக்டரே சொன்ன மாதிரி. அன்றைக்கு அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கோழி எச்சம் கிடந்தது. சாவு வீட்டில் யார் கூட்டுவார்கள்?

“வூடு சுத்தமா இருந்திருந்தா புள்ள தங்கியிருக்கும்” என்றாள்.

பொல்லாங்காகச் சொல்லவில்லை. துக்கத்தில், ஏதோ காரணம் கிடைத்தால் தேவலை என்று தவிக்கும்போது வாயில் வந்ததைச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அம்மா அதைக் கேட்டாள். 

அந்த வருஷக் கடைசியில் அத்தை ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். கருப்பு பீனாயில். சம்பளத்தில் காசு போட்டு வாங்கி, துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் மேல் அவ்வளவு அக்கறை. எங்கள் வீடு மண் தரை. வாரா வாரம் அம்மா சாணி கரைத்து மெழுகுவாள். அந்தச் சாணித் தண்ணீரிலேயே ஒரு மூடி பீனாயிலையும் ஊற்றச் சொன்னாள் அத்தை. நம்ம சுத்தமும் ஆஸ்பத்திரி சுத்தமும் சேர்ந்தால் எந்த நோயும் வாசப்படி மிதிக்காது என்றாள். தண்ணீரில் விழுந்ததும் அந்தக் கருப்பு பால் மாதிரி வெளுத்துப் பரவியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சிமெண்டுத் தரை. ஊற்றினால் தேய்ப்பார்கள், தண்ணீர் விட்டுத் தள்ளுவார்கள், சாக்கடையில் போய்விடும். எங்கள் தரை மண். ஊற்றினதையெல்லாம் குடித்தது. ஒவ்வொரு வாரமும் குடித்தது. இந்த வித்தியாசம் அத்தைக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏற ஏறத் தரை அந்த வாடையைக் கக்க ஆரம்பித்தது. வெளியாள் வந்தால், ‘அடேயப்பா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது வூடு’ என்பார்கள். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வரும்.

எனக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த இழுப்பு தினசரி வர ஆரம்பித்தது. பூனைக்குட்டி கத்துவது போல நெஞ்சுக்குள் சத்தம். குனிந்து உட்கார்ந்து முட்டியில் கையை ஊன்றிக்கொண்டால்தான் மூச்சு வரும். வெற்றிலைச் சாறு கொடுத்தார்கள், ஓமம் கொடுத்தார்கள். கோடையில் ஊரே வாசலில் பாய் போட்டுப் படுக்கும். என்னை மட்டும் வெளியே விடமாட்டார்கள். ராக்காற்று பட்டால் இழுப்பு ஜாஸ்தியாகிவிடுமாம். கதவைச் சாத்தி, அந்தத் தரையிலேயே பாயைப் போட்டு, என்னைப் படுக்க வைப்பார்கள். மூக்குக்கும் பீனாயிலுக்கும் நடுவில் ஒரு கோரைப்பாய்தான்.

அத்தை ஒவ்வொரு தடவை வரும்போதும் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்புவாள்.

“அழுக்குக் காத்து நெஞ்சுல எறங்கியிருக்குது. இன்னொரு மூடி சேத்து ஊத்து.”

அம்மா சேர்த்து ஊற்றுவாள். எனக்கு இன்னும் இழுக்கும். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும், ஒன்றைக் கொடுத்தாயிற்று, இதையும் கொடுத்துவிடுவேனோ என்று. மெழுகின தரையை மறுபடி மெழுகுவாள். அவள் கைவிரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது.

நான் சொல்லாமல் இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்.

“அத்த, அந்த வாடைதான் என் நெஞ்ச புடிக்குது.”

“ஆஸ்பத்திரில அத்தன சீக்காளியும் அந்த வாடையிலதான் படுத்திருக்காங்க. உனக்கு மட்டும் என்ன, ராசாத்தி மூக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தெருப்பிள்ளைகள் என்னை ராசாத்தி மூக்கு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆமாம், ராசாத்தி மூக்குதான். இன்றைக்கும் அதே மூக்கோடுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன், என்ன இப்போது?

அம்மாவிடம் தனியாகச் சொன்னபோது அவள் என் வாயைப் பொத்தினாள். “அதெல்லாம் பேசாத கண்ணு. சுத்தமா இல்லைன்னா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது” என்றாள். அவள் கையிலும் அதே வாடை.

புதுநன்மைப் பிள்ளைகளுக்கு உபதேசியார் சாயங்காலம் கோயிலில் ஜெபம் கேட்பார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டும். எனக்கு எல்லாமே தெரியும், மற்றவர்களுக்கு முன்னால் தெரியும். ஆனால் பாதியில் மூச்சு நின்றுவிடும். நின்று, வாங்கி, மறுபடி தொடங்குவதற்குள் பின்னால் கிசுகிசுப்பு. உபதேசியார் நல்ல மனுஷன். ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“புள்ளைக்கு ஒடம்பு ஆவலைங்களே. நெருக்கடியில உள்ள முழங்கால் போட்டு நிக்கணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாங்களா?”

அத்தை அன்றைக்கு இருந்தாள். “அதாங்க சரி. ஊரு முன்னாடி கோயில்ல இழுத்துக்கிட்டு வுழுந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

அப்பா தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அழவில்லை, எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. அடுத்த வருஷம் என்பது எனக்குப் புரியாத வார்த்தை. தம்பிக்கும் அடுத்த வருஷம் மொட்டை போடுவதாகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாமா ஆள் அனுப்பினார். அம்மாவின் தம்பி. அரூர் தாண்டி, சித்தேரி மலைக்குப் போகிற சாலையில் இருந்தார். புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, உடைத்துக் கொட்டை நீக்கி விற்பார். கடைசிப் புளி கிடக்கிறது, கை போதவில்லை, வந்து நாலு நாள் உடைத்துக் கொடு அக்கா என்று சொல்லி அனுப்பியிருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள்.

அங்கே இருந்த அழுக்கைச் சொல்லி முடியாது. புளியோடு குப்பையும் குவியல் குவியலாகக் கிடந்தது. நாரும் தூசியும் காற்றில் பறந்தன. ஆடுகள் அதற்குள்ளேயே புழுக்கை போட்டன. ஈ மொய்த்தது. நான் புளிக்குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்தேன், வாசலில், ராக்காற்றில், ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு. முதல் நாள் நெஞ்சில் கொஞ்சம் சத்தம் இருந்தது. மறுநாள் குறைந்தது. அதற்கடுத்த நாள் நான் ஓடினேன். புளி உடைக்கிற பெண்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே, உபதேசியார் முன்னால் முடிக்க முடியாத ஜெபத்தை உரக்கச் சொன்னேன், கடைசி ஆமென் வரைக்கும். வேண்டுமென்றேதான் சொன்னேன், யாரோ கேட்கட்டும் என்று.

அம்மா கேட்டாள். புளி தட்டும் கட்டை கையில் அப்படியே நின்றது.

“இங்க வா. இங்க மூச்சு எப்பிடி இருக்குது?”

“நல்லா இருக்குது.”

“வூட்ல?”

“நான்தான் அப்பவே சொன்னேனே.”

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள், புழுக்கையை, ஈயை, தூசியை. இத்தனை அழுக்குக்கு நடுவில் என் பிள்ளை மூச்சு விடுகிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மறுபடி தட்டினாள். ஆனால் தட்டின வேகம் வேறாக இருந்தது, பக்கத்தில் இருந்தவள், “ஏக்கா, புளியோட கட்டையும் நசுங்கிடப் போவுது” என்று கேலி பண்ணினாள்.

நாங்கள் திரும்பி வந்த நாளில் ஊரில் கொடி ஏறியிருந்தது. அத்தை லீவு போட்டுவிட்டு முன்னாலேயே வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் வருவதற்குள் வீட்டைத் தயார் பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று, பாட்டிலில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஊற்றி மெழுகி, பூட்டி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு வேலை பண்ணியிருக்கிறேன் பார் என்ற முகம்.

அம்மா கதவைத் திறந்தாள். மத்தியான வெயிலில் மூடிக் கிடந்த வீடு. உள்ளேயிருந்து வந்தது அவளுடைய முகத்தில் அறைந்தது. தினமும் அதற்குள்ளேயே கிடந்தபோது அவள் மூக்குக்குப் பழகிப்போயிருந்த வாடை, நாலு நாள் வெளிக்காற்றுக்குப் பிறகு அவளையே இருமவைத்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர்.

நான் வாசலில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் உள்ள வரமாட்டேன்.”

“என்னாடி இது புதுப் பழக்கம்?” அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். “வெயில்ல நிக்காத, உள்ள வா.”

“வரமாட்டேன். அடிச்சாலும் வரமாட்டேன். ஆட்டோட படுத்துக்குவேன்.”

அம்மா என்னைத் திட்டவில்லை, அத்தையையும் தடுக்கவில்லை. மறுபடி உள்ளே போனாள். முழங்கால் போட்டுக் குனிந்து, என் பாய் கிடக்கும் இடத்தில் தரையோடு தரையாக மூக்கை வைத்து மோந்தாள். எழுந்து, சுவரோரம் போய் மோந்தாள். அடுப்படியில் மோந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை ஒருத்தர் சோதித்துப் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அம்மா வெளியே வந்தாள், மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், உள்ளே போய்த் தரையைக் கொத்தினாள்.

முதல் கொத்தில் அத்தைக்கு விளங்கவில்லை. இரண்டாவது கொத்தில் கத்த ஆரம்பித்தாள். “டேய், வந்து பாருடா உம் பொண்டாட்டிய, புத்தி பெசகிடுச்சு” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. திருவிழா வாரத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கோலம் போடுவார்கள். எவளாவது தரையைப் பெயர்ப்பாளா?

அப்பா ஓடிவந்தார்.

“ஏய், என்ன பண்ற? ஊரு ஜனம் வருது. எங்க ஒக்கார வெப்ப?”

“வாசல்ல ஒக்காரட்டும்ங்க.”

“மழை வந்தா?”

“நனையட்டும்.”

“அக்கா ஆசையா மெழுவி வெச்சிருக்குது...”

“இந்தத் தரை எம் புள்ள நெஞ்ச புடிக்குதுங்க. அவ சொன்னா. நான் கேக்கல.” அம்மா நிமிரவே இல்லை, கொத்திக்கொண்டேதான் பேசினாள். “கூடைய எடுத்துட்டு வாங்க, இல்லைன்னா தள்ளி நில்லுங்க.”

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா அக்காவைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கூடையை எடுத்து வந்தார். ஒரு சாண் ஆழத்துக்குப் பெயர்த்தார்கள். அள்ளிய மண்ணை எருக்குழியில் கொட்டவும் அம்மா விடவில்லை, ஊருக்கு வெளியே கரட்டு மேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தாள். ஏரியிலிருந்து வண்டியில் புது மண் வந்தது. தண்ணீர் தெளித்துக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். வெறும் மண், வெறும் தண்ணீர். அது காய்கிற வரைக்கும் எல்லாரும் வாசலில் படுத்தோம். ராத்திரி முழுக்கக் காற்று அடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்தை பேசவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியும் போகவில்லை. அவளுடைய மகள் புதுநன்மைக்குப் போட்ட வெள்ளைக் கவுனை எனக்காக டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். அடுத்த வருஷம் என்று சொன்னவள் ஏன் அதைக் கொண்டுவந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதில் பாச்சை உருண்டை வாசம் தூக்கியது. அம்மா பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, கொட்டை நீக்கிப் பிசைந்து, அந்த நுரையில் கவுனை அலசினாள். தூள் பறக்கிற சங்கதியே இல்லை. கிணற்றடியில் மறுபடி மறுபடி அலசிக் காற்றில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் என்னிடம் நீட்டி, “பாரு” என்பாள். நான் மோந்து பார்த்து, “இன்னும் இருக்குதும்மா” என்பேன். சலிக்காமல் திரும்ப அலசுவாள். கடைசியில் கவுனில் ஒரு வாசமும் இல்லாமல் வெறும் துணி வாசம் வந்தது. இன்றைக்கும் என் நல்ல சேலைகளுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான். பழைய காலத்தின் மேல் காதல் எல்லாம் இல்லை. எனக்கு ஆகிறது, அதனால் வைத்திருக்கிறேன். நாளைக்கே ஆகாமல் போனால் அதையும் தூக்கிப் போடுவேன்.

உபதேசியாரிடம் நானே போனேன். நின்ற இடத்திலேயே எல்லா ஜெபத்தையும் மூச்சு முட்டாமல் ஒப்பித்தேன். அவர் ஆச்சரியப்பட்டுச் சரி என்றார். ஆனால் கோயிலையும் திருவிழாவுக்காகப் பீனாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். உயரப்படி பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினபோது நான் நகரவில்லை.

“நான் கதவோரம் முழங்கால் போடறேன்.”

“புதுநன்மைப் புள்ளைங்க பீடத்துக்கு முன்னாடிதான் இருக்கணும். சாமி அங்கதான இருக்காரு?”

“சாமி எங்கயும் இருக்காருன்னு நீங்கதான பாடம் சொன்னீங்க? கதவோரமும் இருப்பாரு.”

 பூசை வைக்க வந்திருந்த குரு சிரித்துவிட்டு, அவள் இஷ்டப்படி விடச் சொல்லிவிட்டார். திருநாளன்று மற்ற பிள்ளைகள் முன்னால் வரிசையாக இருக்க, நான் மட்டும் வெளிக்காற்று படும் கதவோரத்தில் முழங்கால் போட்டேன். முறை வந்ததும் அத்தனை ஜனத்துக்கும் நடுவே நடந்து போனேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வாங்கிக்கொண்டு, பாட்டையும் பாடிக்கொண்டே திரும்பி வந்தேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வாசல் பந்தலில் பந்தி. வீட்டுக்குள் தரை இன்னும் முழுசாகக் காயவில்லை. வந்திருந்த சொந்தத்தில் ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நல்லநாள் அதுவுமா தரைய ஏன் நோண்டுனீங்க?” என்று கேட்டார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இலையில் உட்கார்ந்திருந்த அத்தை பதில் சொன்னாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது.

“போன வருஷம் ஒரு புள்ளைய அழுக்குக்குக் குடுத்தா. இந்த வருஷம் இருக்கறதயும் மண்ணுல பொரட்டறா.”

 அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

“அண்ணி, எம் பையன் அழுக்குல சாவலைங்க. சீக்கு வந்து செத்தான். நான் அவன நல்லாத்தான் வெச்சிருந்தேன்.”

அம்மாவின் குரல் கடைசி இலையில் இருந்தவருக்கும் கேட்டது. அழுக்கில் சாகவில்லை என்பதற்கு அவளிடம் என்ன அத்தாட்சி, மகளுக்கு இழுப்பு நின்றதற்கும் மகன் செத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். அன்று அந்தப் பந்தியில் அதைக் கேட்கும் தைரியம் ஒருத்தருக்கும் இல்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தம்பி செத்ததற்கு அன்றைக்குத்தான் எனக்கு அழுகையும் வந்தது.

அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோற்றில் விரல் அளைந்தது. பிறகு பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், “அன்னிக்கு ஏதோ வாய் தவறி வந்துடுச்சும்மா” என்றாள்.

“நீங்க வாய் தவறிச் சொன்னதத்தான் அண்ணி, நான் இத்தன நாளா தரையில தேச்சேன்” என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போனாள்.